செலவைக் குறைங்க, மாத்திரையைக் குறைக்காதீங்க



வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஹோட்டலுக்குப் போகாதீங்க, புதுத்துணி எடுக்காதீங்க என்று ஆரம்பிக்கலாம்தான். ஆனால் கையில் பணம் இல்லாத வீட்டில் அதெல்லாம் முதல் வாரமே நின்றிருக்கும். அதற்கப்புறம் எதை நிறுத்துகிறோம் என்பதுதான் சிக்கல்.

2022-ல் நூல் விலை ஏறி திருப்பூர் தடுமாறியபோது, எங்க அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்தது. நான் அப்போது இதழியல் கடைசி வருஷம். அம்மா ஒரு நோட்டில் கணக்கு எழுதி வீட்டை ஓட்டினார். எங்க தட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. நாலு மாசம் கழித்து, ஒரு நாள் காலையில் அவர் தலைசுற்றி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிபி மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார். "ஒரு நாள் உட்டா என்ன ஆயிரும் கண்ணு?" என்று என்னிடமே கேட்டார். அதில் மிச்சம் பிடித்தது மாசம் 300 ரூபாய்கூட இருக்காது. ஆட்டோவுக்கும் ஸ்கேனுக்கும் போனது 4,000 ரூபாய்க்கு மேல்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு ஒன்று. பிபி, சர்க்கரை உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டிலேயே தொடங்கிவிட்டது. நாங்கள்தான் யாரிடமும் கேட்கவில்லை. பத்திரிகைப் படிப்பு படிக்கிற பிள்ளை இருந்த வீடு அது!

உங்க வீட்டிலும் யாராவது தினம் மாத்திரை போடுகிறவர் இருந்தால், இன்று ராத்திரி அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்க. கேட்டால் சொல்ல மாட்டார்கள், எண்ணினால் தெரிந்துவிடும். குறைத்திருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்க. வெளியே வாங்கித்தான் ஆகணும் என்கிற மருந்துகளுக்கு முதல்வர் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க 1,000 கடைகள் திறந்தார்கள். மக்கள் மருந்தகமும் உண்டு. மருத்துவரின் சீட்டோடு போங்க. மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம்.

சரி, அப்போ எதைக் குறைப்பது? கையிலிருக்கும் போனிலிருந்தே தொடங்கலாம். உங்க யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' என்று ஒரு பகுதி இருக்கும். திறந்து பாருங்க. மகன் ஒரு மாசம் இலவசம் என்று சேர்ந்த ஓடிடி, யாரும் ஆடாத விளையாட்டு, எப்போதோ எடுத்த பாட்டுச் சந்தா எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. ஆட்டோபேயில் போய் ரத்து செய்தால்தான் பிடித்தம் நிற்கும்.

அடுத்தது கரண்ட் பில். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட் என்று ஒரு கோடு இருப்பது பலருக்குத் தெரியாது. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி கணக்குப் போட்டால், 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதன் பிறகு விலை கொஞ்சம் மாறியிருக்கிறது, இப்போதைய விலையை மின்வாரிய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்க.

அதனால் ரீடிங் எடுத்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்க. நாற்பத்தைந்தாவது நாள் மீட்டரைப் போட்டோ எடுத்து, பழைய ரீடிங்கைக் கழித்துப் பாருங்க. 380-ஐத் தொட்டிருந்தால் மீதி நாட்களில் கை வைக்கலாம். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் தினமும் அரை மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 60 யூனிட். குளிருக்குப் போடுவது ஒரு பக்கம், மே மாசத்திலும் ஸ்விட்சைப் போடுகிறவர்கள் எங்க வீட்டிலேயே உண்டு. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ரேஷன் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "போனேன், சரக்கு இல்லை" என்று விட்டுவிடாமல், டிஎன்பிடிஎஸ் ஆப்பில் உங்க கடை இருப்பைப் பார்த்துவிட்டுப் போங்க. வேலைக்குப் போகும் பெண்கள், நேரம் ஒத்துவந்தால் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டுக் கட்டணமில்லா நகரப் பேருந்துக்கு மாறலாம். பால், முட்டை, பிள்ளைகளின் காய்கறி ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இவ்வளவுக்கும் மேலே பற்றாக்குறை வந்து, ஐந்து நிமிஷத்தில் கடன் என்று ஒரு ஆப் கண்ணில் பட்டால், அது கேட்கும் அனுமதிகளைப் படிங்க. கடன் ஆப்கள் உங்க தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. கேட்டால் அங்கேயே மூடிவிடுங்க. ஏற்கெனவே வாங்கி மிரட்டலில் மாட்டியிருந்தால், வீட்டில் மறைக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்க.

எங்க அம்மாவுக்கு இப்போது மாசம் தவறாமல் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. அட்டையை மட்டும் நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.