நாலுகால் பாய்ச்சல்

நேயர்களே, விரைந்தோடும் குதிரையைக் கண்டால் "நாலுகால் பாய்ச்சலில் போகிறது" என்கிறோம். அந்த நான்கு கால்களும் அவ்வேளையில் எந்நிலையில் இருக்கின்றன என்று யாரேனும் கேட்டால் என்ன விடை கூறுவோம்? பெரும் ஓவியர்களே தடுமாறிய வினா அது.

பாரிஸ் மாநகரின் லூவர் கலைக்கூடத்தில், ஜெரிக்கோ என்னும் பிரெஞ்சு ஓவியர் 1821-இல் தீட்டிய படம் ஒன்று உள்ளது. இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரில் நடைபெறும் டெர்பி பந்தயமே அதன் பொருள். கார்மேகம் கவிந்த வானம். அதன் கீழே நான்கு பந்தயக் குதிரைகள். அவற்றின்மீது நான்கு ஜாக்கிகள். ஒவ்வொரு குதிரையும் முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களைப் பின்னே நீட்டி, தரையைத் தொடாமல் பறக்கிறது. பார்த்த மாத்திரத்தில் நம் முகத்தில் காற்று வந்து மோதுவது போலிருக்கும். ஆனால், அவ்வாறு எந்தக் குதிரையும் ஓடியதில்லை!

ஜெரிக்கோ குதிரையை அறியாதவர் அல்லர்; குதிரையேற்றத்தில் தீராத மோகம் கொண்டவர். அவருக்கு முற்பட்ட ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸோ, இன்னும் ஒரு படி மேலே சென்றவர். லிங்கன்ஷயரில் ஒரு வீட்டில் ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள் தங்கி, இறந்த குதிரைகளை அறுத்து, எலும்பையும் தசையையும் அடுக்கடுக்காக வரைந்து, 1766-இல் நூலாகவே வெளியிட்டார். அவருடைய 'விசில்ஜாக்கெட்' லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. பின்னணியில் மரமோ வானமோ இல்லை; ஏறக்குறைய மெய்யான குதிரையின் அளவில், முன்னங்கால் தூக்கி எழும் ஜாதிக்குதிரை ஒன்றே. அதற்கு ஈடான குதிரைப் படத்தை நான் அறியேன். அத்தகைய ஸ்டப்ஸும், ஓடும் குதிரையை எழுத நேர்ந்தபோது, அதே நீட்டிய கால்களைத்தான் எழுதினார். குதிரை ஒரு முறை தாவி முடிக்க அரை வினாடிகூட ஆவதில்லை. அதைப் பிரித்தறியும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு இல்லை.

பிரித்துக் காட்டியது புகைப்படக் கருவி. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் இரயில்வே அதிபருமான லீலண்டு ஸ்டான்போர்டு, இவ்வினாவைத் தீர்க்குமாறு எட்வர்டு மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக்காரரைப் பணித்தார். (பெரும் பந்தயப் பணம் கட்டினார் என்ற கதைக்குச் சான்று இல்லை.) 1878 ஜூன் 19-இல், பாலோ ஆல்டோ ஓடுதளத்தில், 27 அங்குல இடைவெளியில் பன்னிரண்டு கருவிகள் வரிசையாக நின்றன. பாதையின் குறுக்கே நூல்கள் கட்டப்பட்டிருந்தன. சாலி கார்ட்னர் என்னும் பெண்குதிரை ஜாக்கியைச் சுமந்துகொண்டு ஓடி வந்தது. நூல்கள் ஒவ்வொன்றாக அறுபட, கருவிகள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தன. நான்கு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்மையிலேயே உண்டு என்று தெரிந்தது. ஆனால், அக்கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றின் கீழே மடங்கி ஒன்றுகூடியிருந்தன.

அவ்வாறாயின் ஜெரிக்கோ பொய்யரா? மாணவ நண்பர்களே, சாலி கார்ட்னரின் பன்னிரண்டு படங்களுள் ஒன்றைமட்டும் எடுத்துத் தனியே பாருங்கள். கால்களின் நிலை பிசகின்றி இருக்கிறது, வேகம் எங்கே? கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை போலல்லவா நிற்கிறது! கருவி ஒரு கணத்தை வெட்டி எடுக்கிறது. ஓவியரோ பல கணங்களை ஒன்றாகச் சேர்க்கிறார். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது முறையன்று என்றே நான் கருதுகிறேன்.

இவ்விரண்டுக்கும் இடையே நின்றவர் டேகா. 1866-இல் பாரிஸ் கலைக்காட்சியில் அவர் வைத்த படத்தில், குதிரைகள் பாய்ந்தோட, கீழே விழுந்த ஜாக்கி ஒருவன் கிடக்கிறான். பின்னாளில் மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்து அவர் கோட்டுச் சித்திரங்கள் வரைந்து பழகினார். ஆயினும் அந்தப் பழைய ஓவியத்தை அவர் விடவில்லை. 1880-ஐ ஒட்டியும், மறுபடி 1897-ஐ ஒட்டியும் எடுத்துத் திருத்தினார். அதே பொருளில் வேறொன்றும் தீட்டினார். அது இன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ளது. அதில் கூட்டம் இல்லை, பந்தயம் இல்லை. ஒரே ஒரு குதிரை, புல்தரையில் அசைவற்றுக் கிடக்கும் ஒரு ஜாக்கி.