தூரமும் நேரமும்



தூரம் இயற்கை வைத்தது, பிரயாண நேரம் யந்திரம் வைத்தது என்று நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மையே.

பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பான் தேசத்து டோக்கியோவுக்குள்ள தூரத்தைத் தட்டையான தேசப்படத்தில் அளந்தால் தெரியாது. பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அது தென்கிழக்கே சாயாமல் முதலில் வடகிழக்கே ஏறி, சைபீரியாவின் மேல் போகும். அதுவே குறுக்குவழி, சுமார் 7,800 கிலோமீட்டர். ஆகாய விமானத்துக்கு ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரம்.

நிற்க, 2022-ம் வருஷம் பிப்ரவரியில் ருஷியா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய தேசங்கள் ருஷிய விமானங்களுக்குத் தங்கள் ஆகாயத்தை அடைத்தன. ருஷியாவும் பதிலுக்கு அடைத்தது. பின்லாந்து விமானங்கள் வடதுருவத்தின் மேலாகவும், தெற்கே மத்திய ஆசியா வழியாகவும் சுற்றிப் போக நேர்ந்து, பிரயாணம் சுமார் 13 மணி நேரமாயிற்று.

பூமி ஓர் அங்குலமாவது நீண்டதா? இல்லையே! கூடின நேரத்தை எந்தக் கிரகம் கொடுத்தது? மனிதன் போட்ட வேலியல்லவா கொடுத்தது? ஆகையால் ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள், நூலை அளப்பதோடு நில்லாமல், வழியில் கதவை அடைத்தவர் யார், ஏன் அடைத்தார் என்றும் கேட்க வேண்டுமென்பதே நாம் சொல்லுவது. மனிதன் போட்ட வேலியை எடுக்கவும் மனிதனால்தான் முடியும்.