ஓய்வும் பனிக்காலமும்

ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் நான் மணியோசைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவன். காலை வழிபாட்டுக்கு ஒரு மணி, ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு மணி, மாலையில் வீடு திரும்ப ஒரு நெடுமணி. தலைமையாசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் அந்த மணி என் காதில் ஒலிக்கவில்லை. முதல் சில மாதங்கள் அது விடுதலையாகத் தோன்றிற்று. பிறகு அதுவே சுமையாயிற்று. என் மனைவியும் காலமான பின்னர், ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வேறுபாடு தெரியாமற் போயிற்று. இந்நிலையில், 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம், கனடா நாட்டின் தலைநகராகிய ஆட்டவாவில் வாழும் என் மகள் என்னைத் தன்னிடம் அழைத்துக்கொண்டாள். அங்கே கழித்த ஒரு பனிக்காலத்தில் நான் மாணவனாக இருந்து கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆட்டவா நகரம் வடக்கே 45 டிகிரி அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே பகற்பொழுது ஒன்பது மணி நேரம்கூட இராது. மாலை நாலரை மணிக்குள் கதிரவன் மறைந்துவிடுவான். ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே ஏறக்குறைய 10 டிகிரி.

அந்நகரின் நடுவே ரைடோ கால்வாய் செல்கிறது. 1832இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கால்வாயின் நீளம் 202 கிலோமீட்டர். பனிக்காலத்தில் நகருக்குள் 7.8 கிலோமீட்டர் தூரத்திற்கு அது உறைந்து, மக்கள் சறுக்கி விளையாடும் வீதியாக மாறும். 1971ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் வழக்கம் இது. ஆயின், பனிக்கட்டி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கனம் அடைந்தால்தான் அதிகாரிகள் அதனைத் திறந்துவிடுவார்கள். அக்காட்சியைக் காண ஆவலோடு போயிருந்தேன். நான் போன அந்தப் பனிக்காலத்தில்தான், வழக்கம் தொடங்கிய நாள் முதலாக ஒருமுறையும் நிகழாதது நிகழ்ந்தது. போதிய கனம் ஏறாமையால் கால்வாய் திறக்கப்படவேயில்லை.

எனவே நான் சன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "அப்பா, வெளியே வழுக்கும், விழுந்துவிடப் போகிறீர்கள்" என்று மகள் எச்சரித்தாள். அவளுடைய அச்சம் நியாயமானதே. ஆயினும், உண்மையைச் சொல்வதானால், என் சோம்பலுக்கு அது நல்லதொரு சாக்காக அமைந்தது.

சன்னல் வழியே நாள்தோறும் ஒருவரைக் கண்டேன். அடுத்த வீட்டுப் பெரியவர், வயது 78. தபால்காரராய்த் தெருத்தெருவாக நடந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை எட்டரை மணிக்குக் கதவு திறக்கும். தொப்பியும் கையுறையும் அணிந்து வெளியே வருவார். பனி பெய்தாலும், காற்று அடித்தாலும் அந்நேரம் தவறியதில்லை. டிசம்பரில் ஒருநாள் அவர் எங்கள் கதவைத் தட்டினார். "தாங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று தங்கள் மகள் சொன்னாள். எனக்குக் குறிப்பெழுத ஒருவர் வேண்டும். குளிரில் என் விரல்கள் எழுத மறுக்கின்றன" என்றார். உதவி கேட்டு வந்தவரை மறுக்க மனம் வரவில்லை. அன்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

முதற் பாடம் உடையைப் பற்றியது. ஒரே தடித்த கோட்டை அணிவதைவிட, மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே சிறந்தது. அவற்றினிடையே தங்கும் காற்று வெப்பத்தைக் காக்கும். உடலைத் தொடும் உடை பருத்தியாக இருத்தல் கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச் செய்துவிடும்; அங்கே கம்பளியே நலம். இரண்டாம் பாடம் நடை. பென்குவின் பறவையைப் போல, உடலைச் சற்றே முன்சாய்த்து, சிறு சிறு அடியாகப் பாதம் முழுவதும் பதிய நடக்க வேண்டும். மூன்றாம் பாடம் வாசலில் விழுந்த பனியை அகற்றுவது. மண்வெட்டியால் அள்ளி எறிவதினும் தள்ளுவதே முதியோருக்கு ஏற்றது. குளிரும் கடும் உழைப்பும் ஒன்றுசேர்ந்தால் இருதயத்திற்கு ஆபத்து என்பது மருத்துவர் கருத்து. பெரியவர் பத்து முறை தள்ளுவார். பிறகு நின்று வானத்தைப் பார்ப்பார்.

இனி அவருடைய பொழுதுபோக்கிற்கு வருகிறேன். தோட்டத்து மரக்கிளையில் சூரியகாந்தி விதை நிரப்பிய கூடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். அதற்கு வரும் பறவைகளை எண்ணுவதே அவர் வேலை. 1976இல் ஒண்டாரியோ மாகாணத்தில் தொடங்கி, 1987 முதல் வட அமெரிக்கா முழுவதும் பரவிய கணக்கெடுப்பு ஒன்று உண்டு. அதில் சேர்ந்தோர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, தாம் தெரிந்தெடுத்த இரண்டிரண்டு நாட்களில் பறவைகளை எண்ணி அனுப்புகின்றனர். ஒரே பறவை பத்து முறை வந்து போகலாம் அல்லவா? ஆதலின், ஒரே சமயத்தில் கண்ணிற்பட்ட மிகப் பெரிய எண்ணிக்கையை மட்டுமே குறிக்க வேண்டும் என்பது விதி. எளிய விதிதான், ஆயினும் எத்துணை நேர்மை அதனுள் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

கரிய தொப்பி அணிந்தாற்போன்ற தலையுடைய சிக்கடி என்னும் சிறு பறவை எங்கள் நாள்தோறும் விருந்தாளி. அதன் எடை சுமார் 12 கிராம். கூவும் ஒலியே அதன் பெயராயிற்று. ஆபத்து பெரிதாகுந்தோறும் கூவலின் இறுதியில் வரும் 'டீ' என்னும் ஒலியை அது மேலும் பல முறை சொல்லும். இலையுதிர் காலத்திலேயே விதைகளை ஒவ்வொன்றாக மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்து வைத்து, பிற்பாடு நினைவாக எடுத்து உண்ணும். கடுங்குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி அளவு தாழ்த்திக்கொண்டு சக்தியைச் சேமிக்கும். இத்துணை சிறிய உயிர் வெளியே வாழும்போது, நான் சன்னலுக்குள் ஒடுங்கிக் கிடந்ததை எண்ணி நாணினேன்.

கணக்கு முடிந்தபின் அருகிலிருந்த குட்டை வரை நடப்போம். புதிதாகப் பெய்த வெண்பனி எழுதாத ஏடு போன்றது. அதில் முயலும் அணிலும் எழுதிச் சென்றிருக்கும். முயல் தாவும்போது அதன் பின்கால்கள் முன்கால்களைக் கடந்து முன்னே ஊன்றும். ஆகவே, பெரிய சுவடுகள் இருக்கும் திசையே அது சென்ற திசை. இதையறியாமல் முதல் நாள் நான் முயல் வந்த வழியே திரும்பிச் சென்று தேடினேன்.

நீர் 4 டிகிரி வெப்பநிலையில்தான் மிகுந்த அடர்த்தி உடையது. ஆகவே குளம் மேலிருந்து கீழாக உறைகிறது. அடியில் மீன்கள் உயிர் வாழ்கின்றன. இதனைக் கரும்பலகையில் எத்தனையோ ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். ஆனால் உறைந்த நீரின் கரையில் நின்றது அதுவே முதல் முறை. பெரியவர் கரையோரத்தில் கைத்துரப்பணத்தால் துளையிட்டு, அளவுகோலை விட்டுப் பார்த்தார். "12 சென்டிமீட்டர். இன்று வேண்டாம்" என்று திரும்பிவிட்டார். தனியே ஒருவர் நடப்பதற்கும் 15 சென்டிமீட்டர் கனம் வேண்டும் என்று கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம் கூறுகிறது. மூன்று சென்டிமீட்டர் குறைவு என்பதற்காக அவர் பேரம் பேசவில்லை.

அந்த அளவுகளையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். குட்டை உறைந்த நாள், உருகிய நாள், பறவைகளின் எண்ணிக்கை என 30 ஆண்டுக் குறிப்புகள் அவரிடம் இருந்தன.

பிப்ரவரித் தொடக்கத்தில் பெரியவர் மார்ச்சளியால் படுக்கையில் விழுந்தார். அது கணக்கெடுக்கும் வாரம். குறிப்பேட்டை என்னிடம் கொடுத்தனுப்பி, "இரண்டு பக்கம் வெறுமையாகிவிடக் கூடாது" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்த இரு நாட்களில்தான் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரி அளவுக்கு இறங்கியது. மகள் தடுத்தாள். "ஐந்து நிமிடத்தில் விதையை நிரப்பிவிட்டு வந்துவிடுகிறேன், அம்மா" என்று சொல்லிச் சென்றேன். பிறகு சன்னலருகே அமர்ந்து எண்ணினேன். நாற்காலி பழைய நாற்காலிதான். அமர்ந்தவன் பழைய மனிதன் அல்லன்.

சிக்கடி ஏழு. அணில் தனிக் கணக்கு. பிற்பகலில் ஒரு மரங்கொத்தி வந்து கொழுப்புக் கட்டியில் அலகைப் புதைத்தது. அங்கே கறுப்பும் வெளுப்புமாய் ஒரே உருவத்தில் இரண்டு வகை மரங்கொத்திகள் உண்டு: டௌனி, ஹேரி. டௌனி சிறியது, அதன் அலகு தலையில் மூன்றில் ஒரு பங்கு நீளமே இருக்கும். ஹேரியின் அலகோ தலையளவு நீண்டது. நான் அலகைக் காணும் முன்பே பறவை பறந்துவிட்டது. 'ஹேரி' என்று எழுதினேன்; அதுதான் அரியது, பெரியவர் மகிழ்வார் என்று தோன்றிற்று. எழுதிய பின்னர் மனம் ஒப்பவில்லை. ஊகித்து விடை எழுதிய மாணவர்களை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! அதனை அடித்துவிட்டு, 'மரங்கொத்தி ஒன்று. எவ்வகை எனத் தெரியவில்லை' என்று எழுதினேன். தலைமையாசிரியனாய் இருந்தவனுக்குத் 'தெரியவில்லை' என்று எழுதுவது எளிதன்று.

பத்து நாட்களில் பெரியவர் எழுந்து வந்தார். அடித்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். "இந்த ஏட்டை இனி உங்களை நம்பி விடலாம்" என்றார். நான் பெற்ற நற்சான்றிதழ்களுள் அதற்கு நிகரானது வேறில்லை.

இத்தகைய குறிப்புகளால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானில் சுவா ஏரி உறையும் நாளை 1443ஆம் ஆண்டு முதல் ஷிண்டோ ஆலயக் குருமார் குறித்துவைத்தார்கள். பின்லாந்தின் டோர்னே ஆற்றில் பனிக்கட்டி உடையும் நாளை 1693இல் ஒரு வணிகர் குறிக்கத் தொடங்கினார். அவர்கள் அறிவியலறிஞர் அல்லர். ஆயினும் உலகம் வெப்பமாகி வருவதற்கு அவ்வேடுகள் இன்று சான்று கூறுகின்றன. ஒரு பனிக்காலத்தில் கால்வாய் மூடிக்கிடந்ததைக் கொண்டு மட்டும் நாம் எதையும் முடிவு செய்துவிட முடியாது. அது பின்வந்த ஆண்டுகளில் மீண்டும் திறந்தது. பல்லாண்டுத் தொடர்ச்சிதான் உண்மையைப் பேசும். அத்தொடர்ச்சியைக் காப்பவர் ஒருநாளும் தவறாத எளிய மனிதர்களே.

ஏப்ரலில் நான் தாயகம் திரும்பினேன். இப்போது எங்கள் ஊர் ஏரிக்கரையில் நாள்தோறும் காலையில் நடந்து, நீர்மட்டத்தையும் வந்த பறவைகளையும் குறித்து வருகிறேன். பெரியவர் இன்றும் எனக்குக் கடிதம் எழுதுகிறார். பனிக்காலத்தில் அக்கடிதத்தின் முதல் வரி குட்டையிலுள்ள பனிக்கட்டியின் கனமாகவே இருக்கும். நலம் விசாரிப்பது இரண்டாம் வரியில்தான்.

இளம் நண்பர்களே, உங்களுக்கு இன்று பள்ளி மணி ஒலிக்கிறது. அது ஒருநாள் நின்றுவிடும். அப்போது உங்களை எழுப்பி வெளியே அழைத்துச் செல்ல மற்றொரு மணி உங்களுக்குள் இருக்க வேண்டும். அதனை ஓய்வு பெற்றபின் தேடிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படி இருந்தவன். அடுத்த வீட்டார் வந்து கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. நாளைக் காலை ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வெளியே செல்லுங்கள். கண்டதை எழுதுங்கள், காணாததை எழுதாதீர்கள், மறுநாளும் செல்லுங்கள்.