ஒற்றைத் தலைவலியும் உற்ற வேளை மருந்தும்

   

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற நால்வகைத் தானங்களுள் உணவு, அடைக்கலம், நூல் ஆகியவற்றோடு மருந்தும் ஒன்றாக வைத்து எண்ணப்பெறுகிறது. பொழுது தவறி இடப்படும் சோறு பயன் குன்றுவது போலவே, பொழுது தவறி உண்ணப்படும் மருந்தும் பயன் குன்றும். இவ்வுண்மை ஒற்றைத் தலைவலி நோய்க்கு மிகவும் பொருந்தும். எளிதில் அடங்காத ஒற்றைத் தலைவலியை, அது எழுந்த வேளையிலேயே தணிப்பதற்குரிய வழிகள் யாவை என்பதே இவ்வுரையின் பொருள்.

ஒற்றைத் தலைவலி மூளையையும் நரம்புகளையும் பற்றிய நோய். பெரும்பாலும் தலையின் ஒரு புறத்தே துடித்தெழும் வலி, குமட்டல், வாந்தி, வெளிச்சமும் ஓசையும் பொறுக்க மாட்டாமை ஆகியன இதன் அடையாளங்கள். மருந்தின்றி விட்டால் இது 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெங்களூரு நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் நடந்த ஓர் ஆய்வில், வயது வந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு ஓராண்டுக்குள் இந்நோய் வந்திருந்தது கண்டறியப்பட்டது. ஆடவரைவிடப் பெண்டிரே மிகுதியும் துன்புறுகின்றனர்.

ஓர் இல்லத்தலைவியைச் சான்றாகக் கொள்ளலாம். விழா நாள் காலையில் நெற்றிப்பொட்டில் வலி மெல்லத் தொடங்குகிறது. வீடு நிறைய உறவினர். 'சமையல் முடியட்டும்' என்று அவர் மாத்திரையைத் தள்ளிப் போடுகிறார். நண்பகலில் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, சீப்புப் பட்டாலே தலை வலிக்கிறது, தோடும் சுமையாகிறது. அப்போதுதான் மாத்திரையை விழுங்குகிறார். சிறிது நேரத்தில் வாந்தியாகிறது. இருண்ட அறையில் படுத்தவரைப் பார்த்து, 'விசேஷ நாளில் இப்படிப் படுத்துவிட்டாளே' என்று கூடத்தில் ஒரு குரல் எழுகிறது. மாலையில் மீண்டும் ஒரு மாத்திரை. பல மாதங்கள் இவ்வாறே கழிந்தபின், 'எனக்கு எந்த மருந்தும் கேட்பதில்லை' என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார்.

இங்கே தோற்றது மருந்தா, மருந்தை உண்ட முறையா என்பதே முதலில் ஆராய வேண்டியது. அதற்கு நான்கு வினாக்கள் உதவும். மருந்து உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் வலி தீர்கிறதா? ஒரு வேளை மருந்தோடு 24 மணி நேரம் வலி திரும்பாமல் இருக்கிறதா? விரைவில் அன்றாடப் பணிக்குத் திரும்ப முடிகிறதா? மருந்து கைகொடுக்கும் என்று நம்பி நாளைய வேலையைத் திட்டமிட முடிகிறதா? இவற்றுள் 'இல்லை' என்னும் விடை வருமாயின், மருத்துவமுறையில் மாற்றம் தேவை என்பது பொருள். நோயாளி மனம் தளர வேண்டும் என்பது பொருளன்று.

முதலாவது, காலம். வலி இலேசாக இருக்கும்போதே மருந்தை உண்ண வேண்டும். சீப்புப் பட்டாலே வலிக்கும் நிலை வந்துவிட்டதெனின், மூளையின் உட்பகுதி நரம்புகளும் கிளர்ச்சியுற்றுவிட்டன என்று பொருள்; அதன்பின் உண்ணும் மருந்து முழுப் பயன் தருவது அரிது. சிலர்க்கு வலிக்கு முன்னதாகக் கண்முன் மின்னும் கோடுகள் தோன்றும். அத்தகையோர் டிரிப்டான் வகை மருந்தைக் கோடுகள் தோன்றும்போதன்றி, வலி தொடங்கும்போது உண்பதே முறை.

இரண்டாவது, வழி. ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பையின் இயக்கம் தளர்கிறது. விழுங்கிய மாத்திரை குடலுக்குச் சென்று சேராமல் அங்கேயே தங்கிவிடுகிறது. எனவே மெட்டோகுளோபிரமைடு, டாம்பெரிடோன் போன்ற குமட்டல் தணிக்கும் மருந்தை உடன் சேர்த்து மருத்துவர் அளிப்பதுண்டு. நாவில் கரையும் மாத்திரையும் பெரும்பாலும் குடலிலேதான் உறிஞ்சப்படுகிறது. எனவே தொடக்கத்திலேயே வாந்தி எடுப்போர்க்கு மூக்கில் தெளிக்கும் மருந்தோ, 6 மில்லிகிராம் சுமாடிரிப்டான் தோலடி ஊசியோ ஏற்றது. ஊசி மருந்து மாத்திரையைவிட விரைந்து வேலை செய்யும்.

மூன்றாவது, அளவும் வகையும். இலேசான வலிக்கு நாப்ரோக்சன், இபுப்ரூஃபன், பாரசிட்டமால் போன்றவை போதும். ஆயினும் போதிய அளவில் உண்ண வேண்டும். கடுமையான வலிக்கு டிரிப்டான்கள் உள்ளன. இவ்வகையில் முதலாவதான சுமாடிரிப்டான் 1990-களின் தொடக்கத்தில் வழக்கத்துக்கு வந்தது. இன்று சுமாடிரிப்டான், ரிசாடிரிப்டான், சோல்மிடிரிப்டான், நாராடிரிப்டான், அல்மோடிரிப்டான், எலெடிரிப்டான், ஃபுரோவாடிரிப்டான் என ஏழு உள்ளன. ஒன்று பயன் தரவில்லையெனில் மற்றொன்றும் தராது என்று முடிவு கட்டுதல் தவறு. ஒரே மருந்தை உரிய நேரத்தில், உரிய அளவில் இரண்டு மூன்று முறை வந்த வலிகளுக்கு உண்டு பார்த்த பின்னரே மாற்றத்தைப் பற்றி எண்ண வேண்டும். வலி தணிந்து அன்றே திரும்புவோர்க்கு டிரிப்டானோடு நாப்ரோக்சனைச் சேர்த்துக் கொடுப்பதும் நற்பயன் தரும்.

டிரிப்டான்கள் இரத்தக் குழாய்களைச் சுருக்குவன. ஆதலின் இதயக் குழாய் நோய், பக்கவாதம், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உடையோர்க்கு அவை ஆகா. எர்கோட்டமைன் உண்ட 24 மணி நேரத்துக்குள்ளும் அவற்றை உண்ணலாகாது. முன்னர் இத்தகையோர்க்கு வழி குறைவாக இருந்தது. இப்போது இரு புதிய வகைகள் வந்துள்ளன. ஒற்றைத் தலைவலியின்போது நரம்புகளிலிருந்து வெளிப்படும் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருளின் செயலைத் தடுப்பவை ஜெபன்ட்கள். யூப்ரோஜெபன்ட், ரிமெஜெபன்ட் ஆகியவை இவ்வகையின. இவற்றுக்கு அடித்தளமான ஆய்வுகளுக்காக 2021-ஆம் ஆண்டில் லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகிய நால்வர் பிரெய்ன் பரிசு பெற்றனர். மற்றொரு வகையான லாஸ்மிடிடான் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதில்லை. ஆனால் மயக்கமும் தலைசுற்றலும் தரும். அதனை உண்டபின் 8 மணி நேரம் வண்டி ஓட்டலாகாது.

மூன்று நாளைக் கடந்தும் வலி விடாதாயின் வீட்டில் இருத்தல் கூடாது. மருத்துவமனையில் நரம்பு வழியாக நீரும், மெட்டோகுளோபிரமைடு அல்லது புரோகுளோர்பெரசின் போன்ற மருந்தும் செலுத்துவர். வலி மீளாதிருக்க டெக்சாமெத்தசோன் கொடுப்பதுண்டு. மார்ஃபின் போன்ற போதைசார் மருந்துகளை இந்நோய்க்குத் தவிர்ப்பதே நல்லது.

நான்காவது, எண்ணிக்கை. இதனை மறந்தால் மேற்கூறிய அனைத்தும் வீணாகும். எளிய வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேலும், டிரிப்டான், எர்கோட்டமைன், கலப்பு மாத்திரைகள் ஆகியவற்றை 10 நாள் அல்லது அதற்கு மேலும் என மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உண்போர்க்கு, அம்மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். அடங்காத தலைவலி எனப்படுவதில் ஒரு பகுதி இவ்வாறு விளைந்ததே. ஆதலால் ஒவ்வொரு மாத்திரையையும் நாட்காட்டியில் குறித்து வைத்தல் நன்று. வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டுமாயின், வலி வராமல் தடுக்கும் நாள்மருந்து தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நோன்பிருப்போர் கருத வேண்டியன இரண்டு. உண்ணாமையும் நீர் அருந்தாமையும் இவ்வலியைத் தூண்டக் கூடியன. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்புக்கு முன் எட்டோரிகாக்சிப் என்னும் வலிநிவாரணியை உண்டோர்க்கு நோன்புத் தலைவலி குறைந்தது என இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே உபவாசம் தொடங்கிய பின் துன்புறுவதைவிட, தொடங்கும் முன்னரே மருத்துவரிடம் கலந்து முடிவு செய்தல் அறிவுடைமை. அடுத்து, மாத்திரை உறைகளிலும், நாவில் கரையும் மாத்திரைகள் சிலவற்றிலும் விலங்குகளிலிருந்து பெறப்படும் ஜெலட்டின் சேர்கிறது. கொல்லாமை போற்றுவோர் இதனை எண்ணி மருந்தையே விட்டுவிட வேண்டியதில்லை. ஜெலட்டின் இல்லாத சாதாரண மாத்திரை, மூக்குத் தெளிப்பு, ஊசி ஆகிய மாற்று வடிவங்களை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

ஒரு கணத்தில் இடிபோல் வெடித்தெழும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், 50 வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் தலைவலி ஆகியவற்றை ஒற்றைத் தலைவலி என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. உடனே மருத்துவமனையை நாட வேண்டும். கருவுற்ற தாய்மார் எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

அந்த இல்லத்தலைவியின் அடுத்த விழா நாள் வேறுவகையாக அமையக் கூடும். குறிப்பேட்டைக் கண்ட மருத்துவர் மூக்குத் தெளிப்பை எழுதித் தந்திருப்பார். வலி தொடங்கியவுடன், 'அம்மா, முதலில் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று மருமகளோ மகனோ சொல்வர். கூடத்தில் எழும் குரல் தாழும். சன்னல் திரை மூடப்படும். நண்பகலுக்குள் அவர் பந்தியில் வந்து அமரவும் கூடும்.

மருந்தைத் தேர்தல் மருத்துவர் கடமை. அதனை உரிய வேளையில் உண்ணுதல் நோயாளியின் கடமை. அந்த வேளையை நோயாளிக்கு அளித்தல் இல்லத்தார் கடமை. கண்ணுக்குத் தெரியாத வலியையும் வலியென நம்பி, உற்ற வேளையில் ஓய்வும் மருந்தும் கிடைக்கச் செய்வதும் மருந்துத் தானமே ஆகும்.