எக்ஸ் கதிருக்கு ஒரு ஸ்டாப் வாட்ச்

(நம் சமுதாயக் கூடத்தில் நடந்த அறிவியல் மாலையில் ஆற்றிய உரை)



கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கதிர்களின் ஆற்றலைக் கொண்டு, சுமார் 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எரிபொருள் உருண்டையை நசுக்குகிறார்கள். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் கிடைத்தது. எல்லாம் சில நானோ நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் என்ன நடந்தது என்று பார்த்தால்தானே அடுத்த முறை திருத்த முடியும்? அப்படிப் பார்க்க உதவும் கருவிகளில் ஒன்று எக்ஸ் கதிர் ஸ்ட்ரீக் கேமரா. பிக்கோ நொடி, அதாவது ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, இதன் கணக்கு.

எக்ஸ் கதிரை மின்னழுத்தத்தால் திருப்ப முடியாது; எலக்ட்ரானைத் திருப்பலாம். அதனால் கதிரை முதலில் ஒரு மெல்லிய படலத்தில் விழச் செய்கிறார்கள். அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். இந்தப் படலம்தான் ஃபோட்டோகேத்தோடு. வேகமாக மாறும் மின்னழுத்தம் எலக்ட்ரான்களைப் பக்கவாட்டில் தள்ள, முன்னே வந்தவை திரையின் ஒரு முனையிலும் பின்னே வந்தவை மறுமுனையிலும் விழுகின்றன. திரையில் தூரத்தை அளந்தால் நேரம் தெரிந்துவிடும்.

சிக்கல் கிளம்பும் இடத்திலேயே இருக்கிறது. காலையில் நம் பிள்ளைகள் ஒரே லிஃப்டில் இறங்குகிறார்கள். ஒருவன் ஓடுகிறான், ஒருத்தி மெல்ல நடக்கிறாள். கேட்டில் நேரம் குறிக்கும் வாட்ச்மேனுக்கு அவர்கள் ஒன்றாக இறங்கியது தெரியுமா? எலக்ட்ரான்களும் அப்படித்தான். தங்கப் படலத்திலிருந்து வருபவற்றின் ஆற்றல் வித்தியாசம் சுமார் 4 எலக்ட்ரான்வோல்ட். சீசியம் அயோடைடில் அது 2-க்கும் குறைவு. எலக்ட்ரான்களும் பல மடங்கு அதிகம்.

பிறகு ஏன் தங்கத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள்? சீசியம் அயோடைடு ஓர் உப்பு. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி நசநசத்துப் போவதுபோல, ஈரக்காற்று பட்டால் அந்தப் படலம் கெட்டுவிடும். தங்கத்துக்கு அந்தப் பயமில்லை.

படலத்தைத் தடிமனாக்கினாலும் பயன் குறைவு. ஆழத்தில் பிறக்கும் எலக்ட்ரான் வெளியே வராது. அதனால் கதிரை மிகச் சாய்வாக விழவைத்து, மேற்பரப்புக்கு அருகிலேயே உறிஞ்சச் செய்யும் முறையும் உண்டு. கிளம்பியவுடன் வலுவான மின்புலத்தால் இழுத்தால் முன்பின் வித்தியாசம் குறையும். அளவு மீறினால் தீப்பொறி பறந்து படலமே பாழாகும்.

படலத்தருகே கலந்துவிட்ட நேரத்தைப் பின்னால் எவ்வளவு நல்ல திரையாலும் பிரித்துத் தர முடியாது. அதனால்தான் இந்த மெல்லிய படலத்துக்கு இத்தனை உழைப்பு.

கேள்விகள் இருந்தால் டீ குடித்துக்கொண்டே பேசுவோம்.