ரிப்போர்ட்டில் இல்லாதவை

(வெலிங்டனில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதக் கூட்டம் என்றால் கற்றல் விளைவுகள், எமிஸ் பதிவுகள், தேர்வு அட்டவணை என்றுதான் பேசுவோம். இன்று கல்லீரலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் இரண்டு மூன்று பேர் சிரித்தீர்கள். நியாயம்தான். நான் அறிவியல் ஆசிரியை, டாக்டர் அல்ல. ஆனால் சென்ற கல்வியாண்டில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மாவோடு ஒரு லேப் ரிப்போர்ட்டை நடுவில் வைத்துக்கொண்டு பல மாதங்கள் பேச வேண்டியிருந்தது. அதில் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்ல அந்த அம்மா சம்மதித்திருக்கிறார். யார், எந்த எஸ்டேட் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். 'எல்.எஃப்.டி.' என்று தலைப்பு இருக்கும். கீழே பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., அல்கலைன் பாஸ்பட்டேஸ், அல்புமின் என்று வரிசையாக வரும். பக்கத்தில் இயல்பு அளவு. அதைத் தாண்டிய எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பெற்றோரின் கண் அந்தத் தடித்த எழுத்தில் போய் நிற்கும். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்லுக்குள் இருக்கிற ஒரு நொதி. செல்லுக்கு அடிபட்டால் இரத்தத்தில் கசியும். கசிவைத்தான் அந்த எண் காட்டுகிறது. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அல்ல. வேலையைப் பற்றி ஓரளவு சொல்பவை அல்புமினும், இரத்தம் உறையும் நேரமும். அதனால்தான் அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலையில் எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டினாலும் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். பல வருடமாக மெல்ல மெல்லக் கெட்டுவரும் கல்லீரலிலோ அதே எண் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கலாம். எண் பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிது என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்னொன்று. அல்கலைன் பாஸ்பட்டேஸ் எலும்பிலிருந்தும் வருகிறது. வளர்கிற பிள்ளைக்குப் பெரியவர்களைவிட அது கூடுதலாகவே இருக்கும். பெரியவர்களுக்கான அளவை அச்சடித்த தாளில் நல்ல ஆரோக்கியமான பிள்ளையின் எண்கூடத் தடித்த எழுத்தில் வந்துவிடும். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு. தசை நோய் உள்ள சிறுவர்களுக்கு முதலில் ஈரல் கோளாறு என்று சந்தேகித்து, பிறகு தசை நொதியைச் சோதித்து உண்மையைக் கண்டுபிடிப்பதும் நடக்கிறது. பாரக்ஸ் பக்கம் ஏறி வருகிற படிகள் உங்களுக்குத் தெரியும். தரையிலிருந்து எழுந்திருக்கத் தொடையில் கையை ஊன்றுகிற பையன், மற்றவர்கள் ஓடி ஏறுகிற படியில் கைப்பிடியைப் பிடித்தே ஏறுகிற பையன் என்று யாராவது கண்ணில் பட்டால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது ரிப்போர்ட்டில் இருக்காது. நமக்குத்தான் தெரியும்.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். இரண்டு வருடத்தில் இரண்டு முறை கண் மஞ்சளானது. இரண்டு முறையும் கீழாநெல்லியும் பத்தியமும்தான். மஞ்சள் போனது, வீட்டில் நிம்மதியானார்கள். மூன்றாவது முறை கால் வீங்கியதால் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். எஸ்.ஜி.பி.டி. இயல்பைப் போல மூன்று மடங்கு, அல்புமின் குறைவு. கோயம்புத்தூர் போகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். பர்லியார் வழியாக இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் இரண்டு நாள். தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அவருடைய முதல் கேள்வி மருத்துவக் கேள்வியே அல்ல.

"டீச்சர், இதை எங்க மாமியாருக்குத் தெரியாம வெச்சிருக்கேன். ஈரல்னு சொன்னா ஊர்ல என்ன நினைப்பாங்க?"

ஈரல் கெட்டது என்றால் குடி என்றுதான் நம் ஊரில் அர்த்தம். இரண்டு நாள் கழித்து அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார். "குடிக்கிறவன் நான். ஈரல் எப்படி டீச்சர் இவனுக்குக் கெட்டுப்போகும்?" என்றார். அந்த மனிதர் இத்தனை நாள் அதைத் தனக்கு விழுந்த தண்டனையாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு வரும் ஈரல் நோய்க்கு வைரஸ், பிறவிக் கோளாறு, மருந்துகள், உடல் பருமன் என்று பல காரணங்கள் இருக்கின்றன, அப்பா குடிப்பதால் பிள்ளையின் ஈரல் கெடாது என்று சொன்னேன். குடியை விடச் சொல்லிப் பிரசங்கம் செய்ய அது நேரமல்ல.

பத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா எண்ணெய், உப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். சத்துணவில் முட்டை வைக்கக் கூடாது என்று அமைப்பாளரிடமும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஓய்வறையில் இதற்குச் சிரிப்பும் எரிச்சலும் எழுந்தன. எனக்கு அது மூடத்தனமாகப் படவில்லை. டாக்டர் எழுதிய அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. அந்த மூன்று வாரமும் ஒரு தாய் கையைக் கட்டிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பாள்? பத்தியம் அவளுக்குக் கிடைத்த வேலை. அதைப் பிடுங்கினால் பதிலுக்கு வேறொரு வேலையைக் கொடுக்க வேண்டும். என்னென்ன மூலிகை, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று ஒளிக்காமல் எழுதி டாக்டரிடம் காட்டச் சொன்னேன். உப்பையும் முட்டையையும் பற்றி அவரிடமே கேட்கச் சொன்னேன். கால் வீக்கம் இருக்கும்வரை உப்பைக் குறைக்கலாம், முட்டை தாராளமாகச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னதும் அதை ஏற்றுக்கொண்டார். கையில் சூடு வைக்கிற இடத்துக்கு அழைத்துப் போக ஒரு உறவினர் தயாராக இருந்தார். அதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்தேன்.

அந்த வேறு வேலை ஒரு நோட்டு. எண்பது பக்கக் கோடு போட்ட நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தேன்: தேதி, கண்ணின் நிறம், சிறுநீரின் நிறம், மலத்தின் நிறம், என்ன சாப்பிட்டான், வாந்தி, காய்ச்சல், கால் வீக்கம், தூக்கம். எடையை வாரம் ஒருமுறை பள்ளியிலேயே பார்த்தோம். அம்மாவுக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. ஆனால் ஒரு நாள் விடவில்லை. கோவை டாக்டர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தாராம். அதை அம்மா என்னிடம் மூன்று முறை சொன்னார்.

நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர், "ஸ்கூல்ல எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. போனில் என்னைக் கேட்டார். ஆறாம் வகுப்பில் இவன் வரைந்த பூவின் பாகங்கள் படம் அறிவியல் அறையில் இன்னும் ஒட்டியிருக்கிறது. கோடு ஒரே இழுப்பில் போயிருக்கும். ஏழாம் வகுப்பு நோட்டில், ஜூனில் எழுத்து நேராக இருக்கிறது. அக்டோபரில் சிறுத்து, நடுங்கி, வரியை விட்டு இறங்குகிறது. தேர்வில் பாதியோடு நிறுத்தியிருக்கிறான். முன்பு இல்லாத கோபமும் வந்திருந்தது. இரண்டு நோட்டையும் பழைய விடைத்தாள்களையும் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.

டாக்டர் சந்தேகித்தது வில்சன் நோய். 1912இல் கின்னியர் வில்சன் என்ற லண்டன் நரம்பியல் மருத்துவர் விவரித்தது. உணவிலிருந்து வரும் செம்பில் உடலுக்குத் தேவையானது போக மிச்சத்தைக் கல்லீரல்தான் பித்தத்தோடு வெளியேற்றுகிறது. அந்த வழி பிறவியிலேயே பழுதானால் செம்பு ஈரலில் சேரும், பிறகு மூளையில் சேரும். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய். சிலருக்குக் காமாலையாகத் தொடங்கும், சிலருக்குக் கை நடுக்கம், பேச்சுக் குழறல், படிப்பில் சரிவு என்று தொடங்கும். கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் இருக்கிறதா என்று கண் மருத்துவர் விளக்குக் கருவியில் பார்ப்பார். இரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தை அளப்பார்கள்.

இன்னொரு சோதனை, 24 மணி நேரச் சிறுநீரையும் சேர்த்து அதிலுள்ள செம்பை அளப்பது. லேபில் தரும் கேனில் காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அடுத்த நாள் காலைச் சிறுநீர்வரை ஒரு துளி விடாமல் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனைக் கேனோடு பள்ளிக்கு அனுப்ப முடியுமா? ஞாயிறு காலை தொடங்கித் திங்கள் காலை முடித்தார்கள். அன்று முழுக்க அவனோடு கேரம் விளையாடியவர் அவன் அப்பா.

நோய் உறுதியானது. நோய் இன்னதென்று தெரிந்த அன்று அந்த அம்மா அழவில்லை. தெரியாமல் இருந்த நாட்களில்தான் அழுதார். பிறகு கேட்டார்: "ஈரலையே மாத்தணும்னு சொல்வாங்களா? அதெல்லாம் நம்மளமாதிரி ஆளுங்களுக்கு நடக்குமா?"

அப்போது அவருக்குச் சொன்னது காஞ்சிபுரத்துச் செய்தி. சஞ்சய் கந்தசாமி என்ற குழந்தைக்குப் பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்தது. 1998 நவம்பரில், இரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில், டெல்லி அப்போலோ மருத்துவமனையில் அவனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் அறுவை அது. தன் ஈரலில் ஒரு பகுதியை அறுத்துக் கொடுத்தவர் தந்தை. கொடுத்தவருக்கு ஈரல் மீண்டும் வளர்ந்துவிடும். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவம் படித்து இன்று டாக்டர். இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே கல்லீரல் மாற்று சேர்ந்திருக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் செய்கிறார்கள்.

அங்கன்வாடியோடு தொடர்பில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கிறது, சிறுநீர் மஞ்சளாகத் துணியில் கறை படிகிறது என்றால் அந்தக் குழந்தையை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ஜப்பானின் மொரியோ கசாய் 1950களில் உருவாக்கிய அறுவை, பிறந்த 60 நாளுக்குள் செய்தால் நன்றாகப் பலன் தருகிறது. தைவானில் 2004 முதல் நாடு முழுக்கத் தாய்மார்களுக்கு மல நிற அட்டையே கொடுத்து நிறத்தை ஒப்பிடச் சொல்கிறார்கள்.

நம் மலையில் மட்டும் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. கண் மஞ்சளாக இருப்பதெல்லாம் ஈரல் அல்ல. அரிவாள் செல் சோகையிலும் சிவப்பணுக்கள் உடைந்து பிலிருபின் ஏறும். இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் கண்டறிந்து 1952இல் எழுதியவர்கள் லேமனும் கட்புஷ்ஷும். அவர்கள் இரத்தம் எடுத்தது நீலகிரிப் பழங்குடியினரிடம். பழங்குடிப் பிள்ளை வெளிறி, கண் மஞ்சளாகி, குளிர்காலத்தில் கை கால் வலிக்கிறது என்றால் சோம்பல் என்று நினைக்காதீர்கள். குளிரில் அந்த வலி கூடும். ஸ்வெட்டரோடு இருக்கட்டும், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், அரிவாள் செல் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

நம் பையனுக்கு மாற்று அறுவை தேவைப்படவில்லை. பெனிசிலமின் மாத்திரை, 1956இல் ஜான் வால்ஷ் கொண்டுவந்தது. உடலில் சேர்ந்த செம்பைச் சிறுநீரில் வெளியேற்றும். வாழ்நாள் முழுக்க ஏதாவதொரு மருந்து வேண்டும். நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தினால் ஈரல் திடீரென்று செயலிழக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அல்லது இரண்டு மணி நேரம் பின்புதான் விழுங்க வேண்டும். ஆகவே மதிய மாத்திரைக்கு 11.30 மணி என்று வைத்தோம். 11 மணி இடைவேளையில் நண்பன் நீட்டும் கடலை மிட்டாயை வாங்கக் கூடாது; வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது ஒன்று, கடலையில் செம்பு அதிகம் என்பது இன்னொன்று. வீட்டுச் செம்புக் குடம் பரணுக்குப் போய்விட்டது. வகுப்பில் யாரும் ஒட்டிக்கொள்ளும் நோய் என்று ஒதுக்காமல் இருக்க, பையனிடமே கேட்டு, அவன் சொல்லச் சொன்ன அளவுக்கு மட்டும் சொன்னேன்.

இந்த நோய் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது. அவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள். கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானே என்று அம்மா உடைந்துபோனார். வாய்ப்பு அதனால் கூடும் என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் யாருக்கும் தெரிந்து செய்ததல்லவே. மூன்றாம் வகுப்பில் படிக்கும் தங்கைக்கும் சோதனை செய்தார்கள். ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை, அவளுக்கும் இருந்தது. ஈரல் இன்னும் கெடவில்லை. துத்தநாக மாத்திரையில் இருக்கிறாள். அம்மாவின் நோட்டில் இப்போது இரண்டு பத்தி.

பையனின் எழுத்து ஓரளவு நிமிர்ந்திருக்கிறது, பழையபடி ஆகவில்லை. ஆகுமா என்று அம்மா கேட்கும்போது, சில பேருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லத் தேறும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்கிறேன். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டுவதில்லை.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. அன்று எடை, உயரப் பதிவோடு மட்டும் நிற்காமல், கையெழுத்து மாறிய பிள்ளை, படியேறத் திணறும் பிள்ளை, திரும்பத் திரும்பக் காமாலை வந்த பிள்ளை என்று பெயர்களை முன்னதாகவே எழுதி வைத்துக் கொடுங்கள். அடுத்தது, பழைய நோட்டுகளை ஆண்டு முடிவில் எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றை எடுத்து வையுங்கள். அலமாரியில் இடமில்லை என்று தலைமையாசிரியர்கள் முறைப்பது தெரிகிறது. எங்கள் பள்ளியில் மாவு டின் இரண்டு கிடைத்தது, அதில் வைத்திருக்கிறோம்.

தேநீர் வந்துவிட்டது. கேள்விகளை அங்கே கேளுங்கள்.