குளிசையும் வெயிலும் உள்ளங்காலும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் எமது வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



விழா மேடையில் ஒவ்வொரு வகுப்பினரும் ஏதாவதொன்றை அளிக்க வேண்டும் என்று சங்கம் கேட்டபோது, பாட்டா, நாடகமா என்று நாங்கள் நெடுநேரம் யோசித்தோம். ஈற்றில் ஓர் உரை போதும் என்று தீர்மானித்தோம். அதற்குக் காரணம் உண்டு. சென்ற வருடம் எங்களில் ஒருத்தியை இழந்தோம். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயரைச் சொல்லவில்லை. அஞ்சலோட்டத்தின் கடைசிக் கோலை வாங்கிக்கொண்டு வெறுங்காலுடன் பறந்தவள் என்றால், எங்களோடு படித்தவர்களுக்கு விளங்கும்.

அந்தக் காலில்தான் நோய் வந்தது. இடது உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி. ஆணி என்று நினைத்தாள். நாங்களும் ஆணி என்றுதான் சொன்னோம். ஆணிக்குப் போடும் மருந்தைப் போட்டாள். ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று. வைத்தியரிடம் காட்டியபோது அது மெலனோமா என்ற தோற் புற்றுநோய் எனத் தெரிந்தது. அதற்குள் தொடையின் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிவிட்டது.

அந்நாட்களில் அவள் மாதவிடாய் நின்றபின் வரும் உடற்சூட்டுக்கும் நித்திரையின்மைக்குமாக ஓமோன் குளிசை எடுத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் குளிசைதான் இதைச் செய்தது" என்று எங்கள் வட்சப் குழுவில் ஒருவர் எழுதினார். அடுத்த கிழமைக்குள் எங்களில் நான்கு பேர் வைத்தியரைக் கேளாமலே குளிசையை நிறுத்திவிட்டோம். அவர்களில் ஒருவர் நிறுத்தியது தைரொயிட்டுக்கான தைரொக்சின். "அதுவும் ஓமோன்தானே" என்றார். மூன்று மாதத்தில் முகம் வீங்கி, நடக்கவே களைத்துப்போய் வைத்தியசாலைக்குச் சென்றார்.

அன்றுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது. இந்தக் கல்லூரியின் விஞ்ஞான கூடத்தில், பார்க்காமல் எழுதாதே என்று படித்தவர்கள் நாங்கள். எங்கள் வகுப்பில் வைத்தியர்கள் இருக்கிறார்கள், மருந்தாளர் இருக்கிறார், தாதி இருக்கிறார். எல்லோரும் கூடி, உண்மையில் என்ன தெரிந்திருக்கிறது என்று தேடிப் படித்தோம். படித்ததை உங்களோடு பகிர்கிறோம்.

முதலில், தோற் புற்றுநோயில் முக்கியமானவை மூன்று வகை. அடித்தளக் கலப் புற்றுநோய், செதிட்கலப் புற்றுநோய், மெலனோமா. முதலாவது மெதுவாக வளரும், பரவுவது மிக அரிது. மெலனோமா நிறக் கலங்களில் தொடங்குவது. மூன்றிலும் எண்ணிக்கையிற் குறைந்தது, ஆனால் மிகவும் ஆபத்தானது.

ஓமோன் மீது சந்தேகம் வந்ததற்கு நியாயம் உண்டு. கர்ப்பகாலத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் கருமை படர்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கருத்தடைக் குளிசை எடுக்கும் சிலருக்கும் அப்படி வரும். ஈஸ்திரசனும் புரொஜெஸ்திரோனும் நிறக் கலங்களைத் தூண்டுகின்றன என்பது அதனால் விளங்கும். அப்படியானால் புற்றுநோயையும் தூண்டுமோ என்று ஆய்வாளர் கேட்டார்கள்.

விடை ஒரே மாதிரி வரவில்லை. டென்மார்க்கில் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், ஓமோன் எடுத்தவர்களிடையே அடித்தளக் கலப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. நோர்வேயில் ஈஸ்திரசன் மட்டும் எடுத்தவர்களிடையே மெலனோமா கூடுதலாகவும், இரண்டு ஓமோனும் சேர்த்து எடுத்தவர்களிடையே அப்படியில்லாமலும் காணப்பட்டது. ஆனால் இவ்வகை ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. ஓமோன் எடுக்கும் பெண் வைத்தியரிடம் அடிக்கடி போகிறாள். அவளுடைய தோலை யாரோ ஒருவர் அடிக்கடி பார்க்கிறார். வசதியுள்ளவளாக இருந்தால் கடற்கரை விடுமுறைக்கும் போகிறாள். கூடிய நோய்க்குக் காரணம் குளிசையா, வெயிலா, அடிக்கடி பார்த்ததால் கண்டுபிடித்ததா என்று பிரிப்பது கடினம்.

அதைப் பிரிப்பதற்கு ஒரு வழி, யாருக்கு மருந்து, யாருக்கு வெற்றுக் குளிசை என்று குலுக்கலில் தீர்மானிப்பது. அமெரிக்காவில் பெண்கள் சுகாதார முன்முயற்சி என்ற பெரிய ஆய்வில் 50 முதல் 79 வயது வரையான 27,347 பெண்கள் அப்படிப் பிரிக்கப்பட்டார்கள். தோற் புற்றுநோய் பற்றிய முடிவு 2011இல் வெளியானது. ஓமோன் எடுத்தவர்களுக்கும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் இடையில், மெலனோமாவிலும் சரி, மற்ற வகைகளிலும் சரி, குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையினப் பெண்கள். எங்களைவிட தோற் புற்றுநோய் மிகவும் கூடுதலாக வருபவர்கள். அவர்களிடமே வேறுபாடு தெரியவில்லை.

இதைக் கேட்டு, ஓமோனில் ஆபத்தே இல்லை என்று வீட்டுக்குப் போய்விட வேண்டாம். அதே ஆய்வில் இரண்டு ஓமோனும் சேர்த்துக் கொடுத்த பகுதி 2002இல் இடையில் நிறுத்தப்பட்டது. வருடமொன்றுக்கு 10,000 பெண்களுக்கு 8 மார்புப் புற்றுநோய் கூடுதலாக வந்தது. பக்கவாதமும் 8 கூடியது. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. ஆகவே நன்மையும் தீமையும் உண்டு. மார்புப் புற்றுநோய், குருதி உறைதல், ஈரல் நோய், காரணம் தெரியாத குருதிப்போக்கு ஆகியவை இருந்தவர்கள் தொடங்குமுன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மெலனோமா வந்திருந்தால் அதையும் மறைக்கக்கூடாது. நாங்கள் சொல்வது இதுதான்: பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவோம், மற்ற இடத்தில் பயந்து மருந்தை எறிய மாட்டோம்.

தேடும்போது எங்களுக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது. பிறசருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கப்படும் ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற சிறுநீர் போக்கும் குளிசை, தோலை வெயிலுக்கு இளக்கமாக்கக்கூடியது. நீண்டகாலம் எடுத்தவர்களிடையே மெலனோமா அல்லாத தோற் புற்றுநோய் கூடுகிறது என்று 2018இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் எச்சரித்தது. அமெரிக்காவில் மதிப்பிட்டபோது, வருடமொன்றுக்கு 16,000 பேருக்கு ஒருவர் என்ற அளவு கூடுதல். மிகச் சிறியது. பிறசரைக் கட்டுப்படுத்தாமல் விடுவதன் ஆபத்து இதைவிடப் பல மடங்கு பெரிது. நாங்கள் ஓமோன் குளிசையைப் பற்றி இரவிரவாக எழுதிக்கொண்டிருந்தபோது, எங்களிற் பலருடைய கைப்பையில் இந்தக் குளிசை இருந்தது. இதையும் நிறுத்த வேண்டாம். அடுத்த முறை வைத்தியரிடம் கேளுங்கள்.

இனி எங்கள் தோழியின் காலுக்கு வருவோம். எங்களைப் போன்ற கருநிறத் தோலுக்கு மெலனின் நல்ல குடை. அதனால் தோற் புற்றுநோய் எங்களுக்குக் குறைவு. ஆனால் குடை மூடாத இடங்கள் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. கருநிறத்தவருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இவ்விடங்களில்தான் வரும். இவ்விடத்து நோய்க்கு வெயில் முக்கிய காரணம் அன்று. பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழ் வந்ததும் இதுவே. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார். உள்ளங்காலை யாரும் பார்ப்பதில்லை என்பதால்தான் இது பிந்திப் பிடிபடுகிறது. எங்கள் தோழியைக் கொண்டுபோனது குளிசை என்று சொல்ல எந்த ஆதாரமும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஒன்றரை வருடம் என்றுதான் அவளைப் பார்த்த வைத்தியர் சொன்னார். அந்த ஒன்றரை வருடத்தில் "ஆணிதான்" என்று சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம். இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தோம்.

ஆகவே ஒரு சிறிய வேலை தருகிறோம். வெள்ளிக்கிழமை முழுகும்போது மாதத்தில் ஒரு முறையாவது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். விரலிடுக்கையும் பாருங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு நகத்தைப் பாருங்கள். முதுகைப் பார்க்கச் சகோதரியையோ மகளையோ கேளுங்கள். புதிதாய் வந்த கறுப்பு அடையாளம், ஓரம் ஒழுங்கில்லாதது, ஒரே அடையாளத்தில் பல நிறம், வளர்ந்துகொண்டு போவது, கசிவது, ஒரே ஒரு நகத்தில் புதிதாய் விழுந்து அகலமாகும் கருங்கோடு, இவற்றில் எதைக் கண்டாலும் காட்டுங்கள். பல நகங்களில் சிறுவயதிலிருந்தே மெல்லிய கோடுகள் இருப்பது எங்களுக்கு இயல்பு. அதற்குப் பயப்படத் தேவையில்லை.

இன்னொன்று. அடுப்புத் தீயிலோ, கடந்துபோன காலத்தின் காயங்களிலோ ஏற்பட்ட பழைய தழும்புகள் எங்களிற் பலரிடம் உண்டு. பல வருடம் கழித்து அந்தத் தழும்பில் ஆறாத புண் வந்தால், அது செதிட்கலப் புற்றுநோயாக இருக்கலாம். மருந்து கட்டிக்கொண்டே இருக்காமல் பரிசோதிக்க வேண்டும்.

ஊரில் இருப்பவர்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் உண்டு. அங்கு போகும்போது காலையும் காட்டுங்கள். தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் புற்றுநோய் வைத்தியசாலைகள் உண்டு. அவுஸ்திரேலியாவில் வாழும் தங்கைமாரே, அங்கு வெயில் வேறு. வெண்ணிறத் தோலோடு பிறந்த பேரப்பிள்ளைகள் இருந்தால் தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் மறக்க வேண்டாம். தோலை வெளுக்கும் என்று விற்கும் களிம்புகளை யாரும் வாங்க வேண்டாம். அவற்றிற் சிலவற்றில் இரசமும் கடும் ஸ்டீரொயிட்டும் இருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் வட்சப் குழு இன்றும் இருக்கிறது. இப்போது அங்கு ஒரு விதி உண்டு. மருந்தை நிறுத்தச் சொல்லி யாரும் எழுதக்கூடாது. "வைத்தியரிடம் காட்டினாயா?" என்று எழுதலாம். ஒவ்வொரு மாதத்தின் முதல் வெள்ளியும் ஒருத்தி, "கால் பார்த்தீர்களா?" என்று கேட்பாள். மற்றவர்கள் "பார்த்தோம்" என்று எழுத வேண்டும். சென்ற மாசியில் எங்களில் ஒருவர் பார்த்து, காட்டி, சிறிய சத்திரசிகிச்சையோடு சுகமாக இருக்கிறார். இன்று இந்த மண்டபத்தில், மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு கேள்வியைத் தொடங்குங்கள். கோலை நாங்கள் உங்கள் கையில் தருகிறோம்.